இடம்பெயரேக்கை

ஜெஞ்சாரோம்
9 மார்ச் 2024

மதிப்புக்குரிய நுஸைபா அவர்கட்கு,

வணக்கம். என் பெயர் தவமலர் குலசிங்கம். தை மாதக் கடைசியில் கோலாலம்பூரில் நடந்த விசா நேர்முகத்தில் எனக்கும் அதிகாரிக்கும் நடுவே இருந்து மொழிபெயர்த்தவர் நீங்கள். எத்தனையோ பேரைப் பார்க்கிறீர்கள், என்னை நினைவிருக்குமோ தெரியாது. மண்ணிறச் சேலை, கழுத்தில் நூல் கட்டிய கண்ணாடி. தண்ணீர் வேண்டுமா என்று நீங்கள்தான் கேட்டீர்கள். அந்த அறையில் அதைக் கேட்டது நீங்கள் ஒருவர்தான்.

முடிவு வந்துவிட்டது. என்னைக் கணவரிடம் அனுப்ப மறுத்துவிட்டார்கள். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ஆட்களுக்கு ஆங்கிலக் கடிதங்களை வாசித்துச் சொல்லும் புனிதா டீச்சர் அதைத் தமிழில் சொன்னார். ‘வீடு மாறியபோது திருமணப் பதிவுச் சான்று தொலைந்துவிட்டதாக விண்ணப்பதாரர் கூறுகிறார். விரும்பி வீடு மாறுகிற ஒருவர் அவ்வளவு முக்கியமான தாளைக் கவனமாக எடுத்துச் சென்றிருப்பார். ஆகவே இது நம்பும்படியாக இல்லை.’ குலசிங்கம் என் கணவர் என்பதற்கு ஆதாரம் இல்லையாம்.

நான் வீடு மாறியதாகச் சொல்லவில்லை. “இடம்பெயரேக்கை துலைஞ்சு போச்சு” என்றுதான் சொன்னேன். அதற்கு நீங்கள் ஆங்கிலத்தில் என்ன சொன்னீர்கள்? அதை மட்டும் தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன். கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

உங்கள் பெயர் தாளின் அடியில் இருந்தது. கிள்ளானில் உங்கள் குடும்பத்தின் துணிக்கடை டீச்சருக்குத் தெரியுமாம். தொலைபேசியில் கூப்பிடலாம் என்றார். எனக்கு மனம் வரவில்லை. வாயால் சொன்னது என்ன ஆனது என்று பார்த்துவிட்டேன். எழுதினால் என் சொல் என் சொல்லாகவே உங்களிடம் வந்து சேரும்.

இப்படிக்கு,
தவமலர்


கிள்ளான்
18 மார்ச் 2024

திருமதி தவமலர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. உங்களை எனக்கு நினைவிருக்கிறது.

நேர்முகத்துக்கு வந்தவர்களோடு மொழிபெயர்ப்பாளர் தொடர்பு வைக்கக் கூடாது என்பது எங்கள் நிறுவனத்தின் விதி. ஆனாலும் கேட்டதால் சொல்கிறேன். ‘ஷிஃப்ட்’ செய்தபோது என்று சொன்னேன். இடம் பெயர்வது என்றால் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவது. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தேன். மேடையில் பேசுகிறவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இந்த வேலைக்கு நான் புதியவளும் இல்லை.

உங்களுக்கு நேர்ந்ததற்காக வருந்துகிறேன். அதற்கான பழியை மட்டும் என் மேல் வைக்க வேண்டாம். நோன்பு மாதம், கடையில் பெருநாள் வியாபாரம், இதற்கு மேல் எழுத நேரமில்லை.

நுஸைபா

உறையை ஒட்டிய பிறகு மறுபடி பிரித்து இதை எழுதுகிறேன். நீங்கள் ‘இடம்பெயரேக்கை’ என்று சொன்னபோது உங்கள் கை மேசை விளிம்பைப் பிடித்தது. வீடு மாறியதைச் சொல்லும்போது யாரும் அப்படிப் பிடிக்க மாட்டார்கள். அந்தச் சொல்லுக்கு உங்கள் ஊரில் என்ன அர்த்தம்?


ஜெஞ்சாரோம்
27 மார்ச் 2024

அன்புள்ள நுஸைபா,

உறையைப் பிரித்து எழுதியதற்கு நன்றி.

எங்கள் ஊரில் வாடகை வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்குப் போனால் ‘வீடு மாறினம்’ என்போம். கலியாணம் கட்டி வேறு ஊருக்குப் போனால் ‘அங்கை போய் இருக்கினம்’ என்போம். ‘இடம்பெயர்ந்தம்’ என்று யாராவது சொன்னால் கேட்கிறவர் ஏன் என்று கேட்கமாட்டார். எத்தனையாம் ஆண்டு, எந்தப் பக்கத்தால் என்றுதான் கேட்பார். ஷெல் அடித்தால், ஆமி வந்தால் போகிற போக்குக்குத்தான் அந்தச் சொல். எங்களுக்கு நிவாரணம் தந்த அட்டையில் அது அச்சடித்திருந்தது. முகாம் வாசல் பலகையிலும் ‘இடம்பெயர்ந்தோர்’ என்று எழுதியிருந்தது. உலகம் முழுக்கத் தமிழர் அதை அப்படித்தான் விளங்கிக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தேன். அது என் பிழை.

முதல் முறை இடம்பெயர்ந்தபோது உழவு இயந்திரத்தில் தையல் மெஷின், கூரைத் தகரம், கதவு நிலை எல்லாம் ஏற்றினோம். அடுத்த முறை தகரத்தை விட்டோம். அதற்கடுத்த முறை மெஷினை விட்டோம். கடைசியில் அவருக்குக் காலில் காயம் பட்டு, காயக்காரரை ஏற்றும் கப்பலில் கொண்டுபோய்விட்டார்கள். அவர் இருக்கிறாரா என்றே தெரியாமல் நானும் அவருடைய அம்மாவும் மட்டும். மாமிக்கு நடக்க ஏலாது. நந்திக்கடலைக் கடக்கும்போது கழுத்தளவு தண்ணீர். ஒரு கையால் மாமியைப் பிடித்திருந்தேன். மற்றக் கையால் தலையில் ஒரு பை, பொலித்தீனில் சுற்றிய பதிவுச் சான்று அதற்குள். நடுவில் மாமிக்குக் கால் சறுக்கிவிட்டது. ஒரு கையால் தூக்க முடியவில்லை. பையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடித்தேன். மறுபிரதி எடுக்கலாம் என்றால் பதிவுக் கந்தோரும் எரிந்துபோனது. முகாமை விட்டு வெளியே வந்த பிறகுதான் அவர் எங்களோடு வந்து சேர்ந்தார்; மாமி கண்மூடிய பிறகு அவர் வெளிநாடு போனார், நான் இங்கே வந்தேன்.

இதை நேர்முகத்திலும் சொல்லத்தான் இருந்தேன். ‘இடம்பெயரேக்கை’ என்று சொன்னதும் எல்லாம் சொல்லி முடித்த மாதிரி இருந்துவிட்டது.

இங்கே நான் வேலை செய்யும் செடித் தோட்டத்து முதலாளி நல்ல மனிதர். வாடிக்கையாளர் கேட்டால், “டியா பெலாரியான்” என்கிறார், ஓடி வந்தவள் என்று. டீச்சர் அகதி என்கிறார். என் கணவரும் இப்போது இருக்கிற நாட்டில் இறங்கியபோது அகதிதான். குடியுரிமை கிடைத்த பிறகு அங்கே கூட்டங்களில் அவரைப் புலம்பெயர் தமிழர் என்கிறார்களாம். நான் இன்னும் இடம்பெயர்ந்தவள்தான். ஒரே வீட்டிலிருந்து வெளிக்கிட்ட இரண்டு பேர்.

தவமலர்


கிள்ளான்
16 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்கா,

இனி அப்படித்தான் எழுதப்போகிறேன். வேண்டாமென்றால் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி படித்தேன். ஓர் அம்மா பாஜூ கூரோங் உடைக்கான துணியை விரித்து வைத்துக்கொண்டு, “இந்தக் கலர்ல பெரிய பீஸ் இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குக் காதில் விழவில்லை. தம்பி ராசிக் வந்து அவரைக் கவனித்தான்.

2021-இல் இங்கே பெரிய வெள்ளம் வந்தது. நாங்கள் அப்போது ஸ்ரீ மூடாவில் இருந்தோம். மாடிப் படியில் பாதி வரைக்கும் தண்ணீர். போட்டில் ஏற்றி ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கொண்டுபோய் விட்டார்கள். மலாயில் வீடு மாறுவதற்கு ‘பிண்டா’ என்போம். மறுநாள் செய்தியில் எங்களைப் பற்றி ‘டிபிண்டாக்கான்’ என்று சொன்னார்கள். அதே சொல்தான், முன்னால் ஒரு சின்ன ‘டி’. நாமாகப் போகவில்லை, கொண்டுபோகப்பட்டோம் என்று அதற்கு அர்த்தம். அந்த வித்தியாசம் எனக்கு மலாயில் தெரிந்திருக்கிறது, ஆங்கிலத்தில் தெரிந்திருக்கிறது. என் சொந்த மொழியில் நீங்கள் சொன்னபோது தெரியவில்லை. உங்களுடையதையும் எங்கள் வெள்ளத்தையும் ஒன்றாக வைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். எங்கள் வீடு காய்ந்ததும் திரும்பப் போய்விட்டோம்.

மேல்முறையீட்டுக்கு நான் ஒரு வாக்குமூலம் எழுதித் தரலாம் என்று புனிதா டீச்சர் சொல்கிறார். ராசிக்கிடம் சொன்னேன்.

“எதுக்குக்கா வம்பு? நீ பொய்யா சொன்ன? அகராதில இருக்கிறதத்தானே சொன்ன லா. எழுதிக் குடுத்தீன்னா அப்புறம் ஒருத்தனும் வேலைக்குக் கூப்பிட மாட்டான்.”

“அன்னைக்கு ஒரு வார்த்தை, ‘அப்படின்னா என்னாங்க?’ன்னு கேட்டிருக்கலாம்டா.”

“கேட்டா தமிழே தெரியாத ஆளுன்னு நினைப்பாங்க.”

அதுதான் அக்கா. அதனால்தான் நான் கேட்கவில்லை.

நுஸைபா


ஜெஞ்சாரோம்
24 ஏப்ரல் 2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா என்றால் வேண்டாம் என்பேனா?

தம்பி சொல்வது சரி. எழுத வேண்டாம். என் வழக்குக்காக உங்கள் சோற்றில் மண் விழக் கூடாது. டீச்சர் வேறு வழி பார்ப்பார்.

வேறு ஒரு உதவி கேட்கலாமா? மறுப்பு வந்ததிலிருந்து என் கணவர் சரியாகக் கதைக்கிறார் இல்லை. அன்றைக்கு, “நீர் அங்கை என்னத்தைச் சொன்னனீர்?” என்று கேட்டார். நான் வர விருப்பமில்லாமல் ஏதோ உளறியதாக நினைக்கிறாரோ தெரியாது. “சொல்லிலைதான் பிழை வந்தது” என்றால், “சும்மா சாட்டுச் சொல்லாதையும்” என்கிறார். இத்தனை வருசம் தனிய இருந்த மனிதன். அவரையும் குறை சொல்ல முடியவில்லை. அவருடைய எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். பிழை எங்கே வந்தது என்பதை நீங்கள் ஒரு தடவை சொன்னால் நம்புவார்.

ஆனால் மாமி சறுக்கியதைச் சொல்லிவிடாதீர்கள். கரை ஏறியதும் மாமி என் தலையைத் தொட்டு, “என்னாலைதான் போனதெண்டு அவனுக்குச் சொல்லிப்போடாதை, பிள்ளை” என்றா. பை தண்ணீரில் போய்விட்டது என்று மட்டும் அவருக்குத் தெரியும். மாமி இப்போது இல்லை. சொன்ன சொல் இருக்கிறது.

தவமலர்


கிள்ளான்
20 மே 2024

அன்புள்ள அக்கா,

நீங்கள் வேண்டாம் என்றதைச் செய்துவிட்டேன். வாக்குமூலம் எழுதிச் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்துப் போட்டுப் புனிதா டீச்சரிடம் கொடுத்தாகிவிட்டது. ‘அவர் சொன்ன சொல், அவர் நாட்டில், போரினால் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்களுக்கு மட்டுமே வழங்குவது. எனக்கு அது தெரியாது. தெரியாததை நான் அவரிடம் கேட்கவில்லை.’ நிறுவனத்துக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். மேலாளர் கூப்பிட்டு மரியாதையாகத்தான் பேசினார். கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கள் என்றார். நான் சேலை மடித்துக்கொண்டு ரெஸ்ட் எடுக்கிறேன். நீங்கள் வருத்தப்பட ஆரம்பித்தால் நான் கடிதம் எழுதுவதை நிறுத்திவிடுவேன்.

உங்கள் கணவரிடம் பேசினேன். முதலில் நான் ஏதோ ஏஜென்ட் என்று நினைத்து, “வேண்டாம் அம்மா, எங்களிட்டை ஒண்டும் இல்லை” என்று வைக்கப் போனார். “அண்ணே, வெச்சிடாதீங்க, அக்காகூட அந்த ரூம்ல உட்கார்ந்திருந்தது நான்தான்” என்றதும் நின்றார். நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். பிறகு, “ஷிஃப்டோ?” என்றார். சிரித்தாரா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. “ஷிஃப்ட் எண்டால் இஞ்சை லொறி பிடிச்சு, பெட்டியிலை பேரெழுதி ஒட்டிக்கொண்டு போறதெல்லோ” என்றார்.

அப்புறம்தான், “அவ ஏன் அந்தப் பையைக் கைவிட்டவ? வேறை எதை விட்டாலும் அதை விடுற ஆளில்லையே” என்று கேட்டார்.

அக்கா, ஒருவர் சொன்னதை விழுங்குவது என் தொழிலில் இல்லை. நீங்கள் சொல்லாதே என்றதைச் சொல்லவும் எனக்கு உரிமையில்லை. “அதை அக்காகிட்டயே கேளுங்கண்ணே” என்று மட்டும் சொன்னேன்.

கேட்டாரா?

நுஸைபா


ஜெஞ்சாரோம்
2 செப்டம்பர் 2024

அன்புள்ள தங்கச்சி,

கேட்டார். நான் பேச்சை மாற்றிவிட்டேன். அதற்குப் பிறகு உங்களுக்கு எழுதவும் வெட்கமாக இருந்தது. அதோடு உங்கள் வேலை போனதை நினைத்தால் பேனா ஓடவில்லை. வருத்தப்படக் கூடாது என்றீர்கள். அது என் கையில் இல்லை, மன்னியுங்கள்.

போன கிழமை இரண்டாவது நேர்முகம் நடந்தது. இந்த முறை அதிகாரி ஒரு பெண். உங்கள் வாக்குமூலம் அவர் முன்னால் இருந்தது. மொழிபெயர்க்க வந்தது செந்தூலிலிருந்து ஒரு தம்பி. நான் அந்தச் சொல்லைச் சொன்னதும் அவர் மொழிபெயர்க்கவில்லை. என் பக்கம் திரும்பி, “அம்மா, அதுக்கு உங்க ஊர்ல என்ன அர்த்தம்னு நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா தப்பாயிடும்” என்றார். சொன்னேன். தகரம், மெஷின், கப்பல் எல்லாம் சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து, பையை ஏன் விட்டாய் என்று கேட்டார். கணவர் கேட்ட அதே கேள்வி.

சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மாமி மனதுக்குள் வந்து நின்றா. மாமி, உங்கடை மகனிட்டைப் போறதுக்குத்தான், கோவிக்காதேங்கோ என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அந்தத் தம்பி ஒரு சொல்லும் விடாமல் சொன்னார்.

மனைவியைக் கூப்பிடுகிறவர் அவர் என்பதால், நான் சொன்னதன் பிரதி அவருக்கும் போகுமாம். எனக்கு அது தெரியாது. நேற்றுக் காலை செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்தது.

“இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?”

“மாமி வேண்டாமெண்டவா.”

அழுதார், நுஸைபா. கப்பலில் ஏற்றியபோதும் அழாத மனிதன். “அம்மா சாகுமட்டும் உம்மடை கையைப் பிடிச்சுக்கொண்டுதான் படுக்கிறவா. என்ரை கையைத் தந்தாலும் வேண்டாமெண்டுவா. எனக்கு அது ஒரு மாதிரித்தான் இருந்தது. இப்பதான் விளங்குது” என்றார். குழாயை மூட மறந்துபோய், ஒரு வரிசைக் கன்று முழுக்கத் தண்ணீரில் நின்றது. முதலாளி தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, அவரே போய் மூடினார்.

முடிவு என்ன வருமோ தெரியாது. எனக்கு இப்போது அவ்வளவு பயமில்லை.

தவமலர்


கிள்ளான்
25 நவம்பர் 2024

அக்கா! அக்கா!

புனிதா டீச்சர் கடைக்கே வந்து சொன்னார். கடையில் கூட்டம், நான் துணி அளக்கும் கோலோடு அவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். ராசிக், “ஏதோ கல்யாணம் நிச்சயமான மாதிரில்ல குதிக்கிற” என்றான். ஆமாம்டா, கல்யாணம்தான் என்றேன். உங்களுக்குக் கல்யாணம் ஆனதை ஒரு நாடு இப்போதுதானே ஒத்துக்கொண்டிருக்கிறது!

டீச்சரிடம் நீங்கள் சொல்லி அனுப்பிய கேள்வியும் வந்தது. இத்தனை வருசம் போன் திரையில் பார்த்த மனிதரோடு நேரில் முதலில் என்ன பேசுவது, ஒரு வீட்டில் எப்படி இருப்பது என்று பயமாக இருக்கிறதாமே. என்னைப் போய்க் கேட்கிறீர்கள். என் வீட்டுக்காரர் கௌஸ் மிரியில், கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் இடத்தில் வேலை செய்கிறார். மாதக்கணக்கில் வர மாட்டார். வருவதற்கு முன்னால் என்னென்னவோ பேச வேண்டும் என்று மனதில் அடுக்கி வைத்திருப்பேன். வந்ததும் முதல் ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜ் ஏன் சத்தம் போடுகிறது என்றுதான் பேசுவோம். அவர் அதைத் திறந்து மூடிப் பார்ப்பார், நான் டார்ச் அடிப்பேன். அப்புறம் எல்லாம் தானாக வந்துவிடும். அவசரப்படாதீர்கள். சேர்ந்து பார்ப்பதற்கு ஏதாவது ஒரு ஃப்ரிட்ஜ் உங்களுக்கும் கிடைக்கும்.

நிறுவனத்திலிருந்து இன்னும் அழைப்பு இல்லை. ஆனால் டீச்சரின் வகுப்புக்குச் சனிக்கிழமைகளில் போகிறேன். உங்கள் ஊர்ப் பெண்கள் சொல்லச் சொல்ல நான் கேட்கிறேன். முந்தாநாள் ஒரு பிள்ளை, “அன்ரி, நீங்கள் சரியாக் கேள்வி கேக்கிறியள்” என்று சலித்துக்கொண்டது. ‘சரியா’ என்றால் உங்கள் ஊரில் ‘ரொம்ப’வாமே. நான் பாராட்டு என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது.

விமான நிலையத்துக்கு நான் வருவேன். வர வேண்டாம் என்று எழுதாதீர்கள்.

நுஸைபா


19 ஜனவரி 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கே வந்து ஒரு கிழமை. ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளை. விரல் விறைப்பதால் எழுத்து கோணல், பொறுத்து வாசிக்கவும்.

விமான நிலையத்தில் உங்களிடம் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டேன் என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன். நீங்கள் அழுதீர்கள், நான் அழுதேன், வரிசையில் ஆள் தள்ளியது. பரவாயில்லை. நமக்குத்தான் கடிதம் இருக்கிறதே.

இங்கே விமான நிலையத்தில் கதவு திறந்ததும் அவர் நின்றார். திரையில் தெரிந்ததைவிடக் குள்ளமாக இருந்தார். ஒரு காலைச் சாய்த்து நிற்பார் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. நான் வண்டியைப் பிடித்தபடி நின்றேன். அவர் கையில் ஒரு பையைப் பிடித்தபடி நின்றார். பக்கத்தில் எல்லோரும் கட்டிப்பிடித்து, படம் எடுத்து, சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு சொல் வரவில்லை. இரண்டு பேருக்கும் தமிழ்தான் தெரியும், ஆனாலும் நீங்கள் நடுவில் வந்து நின்றால் நல்லது போல இருந்தது.

பிறகு அவர் பையிலிருந்து ஒரு பெரிய கோட்டை எடுத்தார். “குளிரும். போடும்” என்றார். எனக்கு அதைப் போடத் தெரியவில்லை. ஒரு கை உள்ளே போனது, மற்றது எங்கோ துணிக்குள் சிக்கிக்கொண்டது. நான் உள்ளுக்குள் துழாவிக்கொண்டிருக்க, அவர் தன் கையை வெளிப்பக்கத்தால் அந்தக் கோட்டின் கைக்குள் விட்டார். நடுவில் என் விரல்கள் அகப்பட்டன. பிடித்து வெளியே இழுத்தார்.

இழுத்த பிறகும் விடவில்லை. கார் நிறுத்தும் இடம் வரைக்கும் அப்படியே நடந்தோம்.

உங்கள் அக்கா,
தவமலர்